கயிறு கட்டிய களமும் கயிறில்லாத வீதியும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பைக் ஓடுகிற பிள்ளை இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

"ரேஸ் பழகுறம் சேர்" என்று சொல்லும் பொடியன்மாரை ஆசிரியர்கள் நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஏறாவூரிலும் செங்கலடியிலும் வந்தாறுமூலையிலும் இந்தச் சொல் இப்போது சாதாரணமாகிவிட்டது. சைலன்ஸரை மாற்றி, கண்ணாடியைக் கழற்றி, பல்கலைக்கழகத்துக்கு முன்னால் போகும் நேர் வீதியில் ஒரு முறுக்கு முறுக்கினால் அதற்குப் பெயர் ரேஸ். நாம் ஏசுகிறோம், பொலிஸ் பிடிக்கிறது, வாப்பா திறப்பை எடுத்து ஒளித்து வைக்கிறார். ஒரு மாதம் கழித்துப் பழையபடி தொடங்குகிறது.

ஏசுவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ரேஸ் என்பது உண்மையில் என்ன, அது எங்கே பிறந்தது, அதில் முதன்முதலாக இறங்குகிற ஒருவர் என்ன செய்கிறார் என்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம் என்று நினைத்தோம். பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. ரேஸின் வரலாறு வேகத்தின் வரலாறு மட்டுமல்ல. வேகத்தைச் சுற்றிக் கயிறு கட்டிய வரலாறும் அதுதான்.

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. ஓட்டத்துக்கென்று பயிற்சி கொடுத்து உடல் இறுக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யதுல் வதா வரை ஒரு தூரம். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே. முதலாவது ஐந்து அல்லது ஆறு மைல், இரண்டாவது ஒரு மைல் அளவு என்று அறிவிப்பாளர்கள் விளக்குகிறார்கள். இளைஞரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்களும் அதில் ஓடியவர். பழகாதவருக்குத் தனிப் பிரிவு, தனித் தூரம், தொடங்கும் இடமும் முடியும் இடமும் முன்கூட்டியே குறித்தது. இன்று உலகமெங்கும் பந்தயக் களங்களில் புதியவர் பிரிவு என்று வைத்திருக்கிறார்களே, அதன் அடிப்படை யோசனை இதுவேதான்.

இனி எஞ்சின் காலத்துக்கு வருவோம்.

மோட்டார் வாகனம் கண்டுபிடித்த கையோடு மனிதர்கள் அதை ஊருக்கு ஊர் ஓட்டிப் போட்டி வைத்தார்கள். களம் என்று ஒன்று கிடையாது. எல்லோரும் நடக்கிற, மாட்டுவண்டியும் குதிரை வண்டியும் போகிற அதே மண் வீதிதான். 1903 மே 24 ஆம் திகதி பாரிஸிலிருந்து மட்ரிட்டுக்கு ஒரு பெரும் போட்டி தொடங்கியது. கார்களோடு மோட்டார் சைக்கிள்களும் ஓடின. வீதியோரமெங்கும் சனம். புழுதியில் முன்னால் போகிறவரைப் பின்னால் வருகிறவருக்குத் தெரியவில்லை. ஓட்டிகளும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அடுத்தடுத்து மாண்டார்கள். ரெனோ கார்க் கம்பனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அந்தப் போட்டியில் உயிரிழந்தார். போர்தோ நகரத்தோடு போட்டியை நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு ஊர் ஓடுகிற வீதிப் பந்தயத்தின் காலம் ஐரோப்பாவில் பெரும்பாலும் அதோடு முடிந்தது.

அதே ஆண்டு பிரித்தானியாவில் வந்த மோட்டார் கார்ச் சட்டம் வேகத்தை மணிக்கு 20 மைலுக்குள் கட்டியது. போட்டிக்காகப் பொது வீதியை மூடவும் அந்த நாட்டுப் பாராளுமன்றம் இடம் கொடுக்கவில்லை. ஐல் ஒஃப் மேன் என்ற சிறு தீவுக்கு மட்டும் சொந்தப் பாராளுமன்றம் உண்டு. அது 1904 இல் சட்டம் இயற்றி, குறித்த நாளில் குறித்த மணிக்கு வீதியை மூடிப் போட்டி நடத்த அனுமதித்தது. 1907 மே 28 ஆம் திகதி அங்கே முதலாவது டூரிஸ்ட் ட்ரொஃபி மோட்டார் சைக்கிள் போட்டி நடந்தது. சுருக்கமாக டீ.டீ. என்பார்கள். ஏறத்தாழ 25 கிலோமீற்றர் சுற்றுப் பாதையில் பத்துச் சுற்று. ஒற்றைச் சிலிண்டர் பிரிவில் மட்ச்லெஸ் பைக்கில் சார்லி கொலியரும், இரட்டைச் சிலிண்டர் பிரிவில் நோர்ட்டனில் ரெம் ஃபவுலரும் வென்றார்கள். கொலியரின் சராசரி வேகம் மணிக்கு 38.21 மைல். நமது கணக்கில் 61 கிலோமீற்றர் அளவு.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பைக் போட்டியின் முதல் வெற்றியாளர் ஓடிய சராசரி வேகத்தை, இன்று நம் ஊரில் ட்யூஷனுக்குப் போகிற பிள்ளையின் 100 சீசீ பைக் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. அவர்கள் அந்த வேகத்துக்கே ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றி வீதியை மூடினார்கள்.

அதே 1907 இல் இங்கிலாந்தின் சரே பகுதியில் புரூக்லண்ட்ஸ் ஓடுதளம் திறக்கப்பட்டது. மோட்டார்ப் போட்டிக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதலாவது களம் அது.

1923 இல் ஐல் ஒஃப் மேனில் இன்னொரு கதவு திறந்தது. கம்பனிகளின் சம்பளம் வாங்குகிற ஓட்டிகளோடு சாதாரண ஆள் மோத முடியாது என்பதால், தொழில்முறை அல்லாதவர்களுக்கென்று தனியாக ஒரு அமெச்சூர் வீதிப் போட்டியை ஆரம்பித்தார்கள். யார் அமெச்சூர், யார் இல்லை என்ற சண்டை ஓயாததால் 1930 இல் அதன் பெயரை மேங்ஸ் கிராண்ட் பிரீ என்று மாற்றினார்கள். கடைக்காரர், மெக்கானிக், ஆசிரியர் என்று வேலை பார்க்கிறவர்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து ஓடுகிற மரபு அப்படித்தான் வளர்ந்தது. இன்றும் டீ.டீ.க்கு முதன்முதலாக வருகிற ஒருவர், எத்தனை களங்களில் வென்றவராக இருந்தாலும், அனுபவசாலி ஒருவர் முன்னால் போக, வேகம் கட்டுப்படுத்திய சுற்றிலேயே தொடங்க வேண்டும். புதியவர் என்று எல்லோருக்கும் தெரிய செம்மஞ்சள் நிற மேலாடையும் போட வேண்டும். அதை அங்கே யாரும் வெட்கமாக நினைப்பதில்லை.

இத்தனை ஒழுங்கு இருந்தும் அந்தத் தீவின் மலைப் பாதை இதுவரை 250க்கும் மேற்பட்ட ஓட்டிகளின் உயிரைக் குடித்திருக்கிறது. காரணம் எளிது. மூடினாலும் அது வீதிதான். மதில் இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது, வீட்டுச் சுவர் இருக்கிறது. தவறினால் உருண்டு போய் நிற்க இடமில்லை. 1972 இல் இத்தாலிய வீரர் ஜில்பெர்த்தோ பர்லோத்தி அங்கே இறந்தபின், பல முறை உலக சம்பியனான ஜியாகோமோ அகொஸ்தினி இனி அந்தத் தீவில் ஓடமாட்டேன் என்று விலகினார். மற்ற வீரர்களும் தயங்கத் தொடங்கினார்கள். 1976 க்குப் பிறகு உலக சம்பியன் போட்டி வரிசையிலிருந்து டீ.டீ. நீக்கப்பட்டது. உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டிகளே வீதி வேண்டாம், களம் வேண்டும் என்று கேட்டார்கள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் களங்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் யுத்தத்திலிருந்து. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஊருக்கு ஊர் விமான ஓடுபாதைகள் வெறுமையாகக் கிடந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் 1948 இல் அப்படியான ஒரு விமானத் தளத்தில்தான் போட்டி தொடங்கியது. நமது நாட்டில் களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்த ஓடுபாதை, போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாக இருந்தது. பிறகு அதுவே இலங்கையின் கார், பைக் போட்டிகளுக்குப் பேர்போன களமானது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இலிருந்தே வழக்கத்தில் உள்ளது. அதில் ஒருவரையொருவர் முந்துவதில்லை. ஒவ்வொருவராக ஏற, கடிகாரம் தீர்ப்புச் சொல்லும்.

கடலுக்கு அப்பால் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் இதே கதைதான். போர்க்கால விமான ஓடுபாதை. 1953 இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் போட்டிகளை நடத்தியது. இலங்கையிலிருந்தும் வீரர்கள் போய் ஓடியிருக்கிறார்கள். ஆனால் விமான ஓடுபாதை பைக்குக்கென்று கட்டியதல்ல. சனத்தைத் தள்ளி நிறுத்தவும் அங்கே வசதி போதாது. ஆகவே அந்தக் கிளப்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் காணி வாங்கி, 1990 இல் நிரந்தரக் களம் ஒன்றைத் திறந்தார்கள். ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர், 12 வளைவுகள். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003 இல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. தமிழ்நாட்டில் இருந்து இத்தனை பைக் வீரர்கள் எழும்பியதற்கு இந்த இரண்டு களங்களும் ஒரு பெரிய காரணம். சென்னையில் ஆர்.ஏ.அப்துல்லா தேசிய மட்டத்தில் பைக் ஓடியவர். அவருடைய மகள் அலிஷா அப்துல்லாவும் பைக்கிலும் காரிலும் போட்டியிட்டுப் பெயர் எடுத்தவர். பெண்களுக்கெனத் தனிப் பிரிவே அங்கே இப்போது ஓடுகிறது.

சரி. இருங்காட்டுக்கோட்டை போன்ற ஒரு களத்தில் முதன்முதலாக ஓடப் போகும் புதியவரின் வார இறுதி எப்படி இருக்கும்? இதுதான் இந்தப் பதிவின் நடு மையம்.

அவர் அங்கே வருவதற்கு முன்பே ஒரு பயிற்சி நாளை முடித்திருக்க வேண்டும். அது இல்லாமல் போட்டி உரிமம் கிடையாது. வயது 18 க்குக் குறைவென்றால் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். அந்தப் பயிற்சியில் முதலில் வேகம் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். பிரேக் பிடிப்பது, வளைவுக்குள் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுவது, கண்ணை எங்கே வைப்பது, கொடிகளை வாசிப்பது ஆகியவைதான் பாடம்.

வெள்ளிக்கிழமை பைக்கைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கக் கண்ணாடி, சிக்னல் விளக்கு, ஸ்டாண்ட் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். விழுந்தால் அவை குத்தும், தரையில் சிக்கும். ஒயில் திறக்கும் நட்டை மெல்லிய கம்பியால் கட்டியிருக்க வேண்டும். அது கழன்று ஒயில் கொட்டினால் பின்னால் வருகிற பத்துப் பேர் விழுவார்கள். பிறகு ஆளைப் பரிசோதிப்பார்கள். முழு உடலை மூடும் தோல் உடை, முதுகுக் கவசம், கையுறை, கணுக்கால் மூடும் சப்பாத்து, தரச் சான்று உள்ள ஹெல்மட். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போகலாம். ஹெல்மட்டை எண்ணெய்த் தாங்கியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஓடுகிற நம் பிள்ளைகள் கண்கண்டு பார்க்க வேண்டிய காட்சி இது.

அடுத்தது ஓட்டிகள் கூட்டம். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் போட்டி நிறுத்தம். நீலம் என்றால் உன்னைவிட வேகமானவர் பின்னால் வருகிறார், கோட்டை மாற்றாதே. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தரை வழுக்கும். கறுப்புக் கொடியோடு உன் இலக்கம் காட்டினால் உள்ளே வா. இதை மனப்பாடம் பண்ணாதவர் களத்துக்குள் இறங்க முடியாது.

அதன்பின் பயிற்சி ஓட்டம். முதற் சுற்றுகளில் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். நேர் பாதையில் முறுக்கி, வளைவு வந்ததும் பயந்து, நடு வளைவில் பிரேக்கைப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் பைக் நிமிர்ந்து வெளியே ஓடும், அல்லது சறுக்கிப் படுக்கும். அனுபவசாலி நிமிர்ந்து நேராகப் போகும்போதே பெரும்பாலான பிரேக்கைப் பிடித்து முடிப்பார். வளைவுக்குள் நிதானம், வெளியே வரும்போது முறுக்கு. நேர் வீதியில் முறுக்குவது யாருக்கும் வரும். ஓட்டியின் தரம் வளைவில்தான் தெரியும் என்பது முதல் நாளிலேயே அவருக்கு விளங்கிவிடும்.

சனிக்கிழமை தகுதிச் சுற்று. யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதை நேரம் தீர்மானிக்கும். பிறகு புதியவர்களுக்கு மட்டுமான போட்டி. பெரிய பைக்குகள் இல்லை. 165 சீசீக்கு உட்பட்ட பைக்குகள், சில சுற்றுகள் மட்டும். தொடக்க விளக்கு அணைந்ததும் முதல் வளைவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். மிக ஆபத்தான கணம் அதுதான். ஒவ்வொரு வளைவிலும் கொடிக்காரர் நிற்பார். அம்புலன்ஸ் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும். விழுந்தால் உருண்டு போக மண்ணும் சரளையும் போட்ட வெற்றிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு போட்டி. முதல் நாள் கடைசியாக வந்தவருக்கு, சில செக்கன்களைக் குறைத்துவிட்டோம் என்பதே அன்றைய சந்தோஷம். கப் வாங்காமல், எலும்பு முறியாமல், பைக்கை மீண்டும் லொறியில் ஏற்றி வீட்டுக்குப் போனால் அது வெற்றிகரமான முதல் வார இறுதி.

இவ்வளவு கயிறு கட்டியும் உயிர் போகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 2023 ஓகஸ்ட் 5 ஆம் திகதி அதே சென்னைக் களத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் போட்டி தொடங்கியவுடன் விழுந்து இறந்தான். அந்த வார இறுதிப் போட்டிகள் அத்தனையும் கைவிடப்பட்டன. நமது நாட்டில் 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். கார் ஓடியவர்கள் பழகியவர்கள், நடத்தியவர்கள் அனுபவசாலிகள். அப்படியிருந்தும் சனத்துக்கும் பாதைக்கும் இடையில் போதிய தூரம் இல்லாவிட்டால் நடப்பது அதுதான். பாரிஸ்–மட்ரிட் வீதியில் 1903 இல் நடந்தது, 121 ஆண்டுக்குப் பிறகு நம் மலைநாட்டில் நடந்தது.

இப்போது நம் வீதிக்கு வருவோம்.

மட்டக்களப்பிலிருந்து வந்தாறுமூலை ஊடாக வாழைச்சேனைக்குப் போகும் வீதியில், யுத்த காலத்தில் பைக்கில் வேகமாகப் போவது என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை. சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி உருட்டிக்கொண்டு போன வீதி. பொழுதுபட்டால் வீட்டுக்குள் அடைந்த சனம் நாம், தமிழரும் முஸ்லிம்களும் ஒருபோல. சமாதானத்தோடு கார்பெட் வீதி வந்தது. லீஸிங்கில் பைக் வந்தது. நம் தலைமுறைக்குக் கிடைக்காத சுதந்திரம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அதைப் பார்த்து நாம் பொறாமைப்படவில்லை, சந்தோஷப்படுகிறோம். ஆனால் அந்த வீதிக்கு வேலியில்லை. ஆடு கடக்கும், மாடு படுத்திருக்கும், நெல் காயும், குறுக்கு ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் ஒரு பெரியவர் வருவார், பல்கலைக்கழகப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். கொடிக்காரரும் இல்லை, அம்புலன்ஸும் இல்லை, உருண்டு போய் நிற்க வெற்றிடமும் இல்லை.

வகுப்பறைக் கணக்கு ஒன்று. மணிக்கு 100 கிலோமீற்றரில் போகிறவர் ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றர் கடக்கிறார். ஆபத்தைக் கண்டு மூளை கைக்குச் சொல்லி கை பிரேக்கைத் தொட ஒரு செக்கன் என்று வைத்தாலும், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே இரண்டரை பஸ் நீளம் போய்விட்டது. வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். 40 இல் சிராய்ப்பு, 80 இல் ஜனாஸா. இலங்கையில் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்டோர் வீதியில் இறக்கிறார்கள். அதில் மோட்டார் சைக்கிளில் போனவர்களின் பங்குதான் பெரியது. அந்த வீடுகளில் எத்தனை உம்மாமார், அம்மாமார் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே தம்பிமாரே, வீதியில் முறுக்குவதை ரேஸ் என்று சொல்லாதீர்கள். ரேஸ் ஓடுகிறவர் உங்களைவிடப் பயந்தவரல்ல. பயத்தை அறிந்து, அதற்கேற்ப உடுத்தி, அதற்கேற்பப் பழகியவர். ரேஸிலிருந்து பிரேக்கையும் கொடியையும் கவசத்தையும் வேலியையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது சத்தம் மட்டும்தான்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேகத்தில் ஆசை என்பது குற்றமல்ல. மதீனாவில் அதற்குத் தூரம் குறித்துக் கொடுத்தார்கள், தடுக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் குறித்துக் கொடுத்த இடம் எது? மின்னேரியாவில் பீரங்கிப் படையணி நடத்தும் கன்னர்ஸ் சுப்பர்குரொஸ் போட்டி பொலன்னறுவை வழியாகப் போய்வரக்கூடிய தூரம்தான். அது மண் பாதைப் போட்டி என்றாலும், ஒழுங்கான போட்டி எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணால் காணலாம். விளையாட்டுக் கழகங்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம்.

அதைவிடச் சிறிய வேலை ஒன்றை இந்த மாதமே செய்யலாம். ஏதாவது ஒரு பாடசாலை மைதானத்தில், சனிக்கிழமை காலையில், பொலிஸாரின் உதவியோடு, கராஜ் வைத்திருக்கும் நம் சகோதரர்களை அழைத்து, பிரேக் பிடிக்கும் பயிற்சி ஒன்று. கூம்பு நாலு வைத்து, மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்து கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். ஹெல்மட் இல்லாதவருக்கு இடமில்லை. வெல்பவருக்குப் பரிசாக நல்ல ஹெல்மட் ஒன்று. ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை என்று மூன்று ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்றால் அதில் இன்னொரு நன்மையும் உண்டு, அதை நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மைதானம் தரக்கூடியவர்கள், ஹெல்மட் வாங்கித் தரக்கூடியவர்கள், ஒரு காலைப் பொழுதைத் தரக்கூடிய மெக்கானிக்மார் இந்தப் பதிவின் கீழே பெயரைப் போடுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் திகதி குறிப்போம், இன்ஷா அல்லாஹ்.